கொழும்புக்குப் போகாத கருவாட்டு டின்

எங்கள் அறை அலுமாரியின் தலையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. பெரிய சதுர டின். அதன் பக்கத்தில் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அவளுடைய முகம் துருவேறிப் பாதி போய்விட்டது. மூடியும் டின்னும் சேருகிற இடத்தைச் சுற்றி ஒரு விரல் தடிப்பில் தார் பூசியிருக்கிறது. தாருக்கு உள்ளே நூல் வைத்து இறுக்கிய அடையாளம் தெரியும். கத்தியால் நெம்பியும் பார்த்தாயிற்று, வெந்நீர் ஊற்றியும் பார்த்தாயிற்று, மூடி அசையவில்லை. உள்ளே இருப்பது கட்டா மீன் கருவாடு. கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த என் தங்கச்சிக்காக வாங்கியது. டின்னை அடைத்தவர் என் வீட்டுக்காரர். இன்று அவரும் இல்லை. ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் மருமகள் அதைத் தூக்கி ஒருமுறை ஆட்டிப் பார்ப்பாள், கலகல என்று கேட்கும். “மாமி, இதை எறிஞ்சால் என்ன?” என்று கேட்பாள். நான் அதை வாங்கி மேலே வைத்துவிடுவேன். பதில் சொல்லத் தொடங்கினால் கனக்கச் சொல்ல வேண்டிவரும்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிக் கதைக்கிற இடத்தில் கதவுக்குப் பின்னால் நின்றே பழகிவிட்டேன். இருந்தும் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், சில கிழமைகளாக எங்கள் வீட்டில் அதே பழைய கதை திரும்பவும் தொடங்கியிருக்கிறது. கொழும்புக்குப் போவது கோச்சி ரயிலிலா, பிளேனிலா, காரிலா? இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவேன். இதே கேள்வியோடு ஒரு மனுசனுடன் அரைவாசி ஆயுளை ஓட்டியிருக்கிறேன்.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகின் தண்டலாக இருந்தவர். மாவுக் கப்பலும் சீமெந்துக் கப்பலும் குடாவுக்குள் வந்தால், கயிறு போட்டு மெல்ல இழுத்து இறங்குதுறையில் கொண்டுவந்து அணைக்கிற படகு அது. படகை நடத்துகிறவரைத்தான் தண்டல் என்பார்கள். தண்ணீரில் நிற்கும்போது அவருக்கு யோசனை என்ற ஒன்றே கிடையாது. காற்று மாறினால் அந்த நிமிடமே கை காட்டுவார், ஆட்கள் கயிற்றை விடுவார்கள். துறைமுகத்தைப் பார்த்த எங்கள் மேட்டு வீட்டு முற்றத்தில் நின்று உடுப்புக் காயப்போடும்போது பார்ப்பேன், ஒரு மலை போன்ற கப்பலுக்குப் பக்கத்தில் அவருடைய படகு ஒரு செருப்பு அளவில் நிற்கும். அந்தச் செருப்பின் சொல்லுக்குத்தான் மலை அசையும். அதே மனுசன் கரையேறி வீட்டுக்கு வந்து, “எப்ப கொழும்புக்குப் போறம்?” என்று நான் கேட்டால், சாரத்தை ஒருமுறை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, “பாப்பம்” என்பார். அந்த “பாப்பம்” எத்தனை கலியாணத்தை, எத்தனை பிள்ளைப் பேற்றை, எத்தனை செத்த வீட்டை விழுங்கியது என்று எனக்குத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் தந்தி போனது, பிறகு டெலிபோன் போனது. நாங்கள் போகவில்லை.

தங்கச்சி தானாகவே வந்து போய்க்கொண்டிருந்ததால் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கோயில் திருவிழாவுக்கு வருசா வருசம் கோச்சியில் வந்து இறங்குவாள். பிறகு அவளுடைய முழங்கால் கெட்டது. படி ஏற ஏலாது. டெலிபோனில் குரல் மட்டும் வந்தது. அப்படி ஒரு நாள் வந்த குரலில் அவள் சொன்னாள்: “அக்கா, மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். அவுஸ்திரேலியாவுக்கு. இனி அங்கதானாம். போறதுக்கு முந்தி உங்களை ஒருக்காப் பாக்கவேணும். நீங்கள் ஒண்டும் கொண்டுவர வேண்டாம், உங்கட முகமே போதும்.” கொஞ்சம் பொறுத்து, “கருவாடு கிடைச்சால் மட்டும் கொஞ்சம்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். டெலிபோனை வைத்த பிறகு நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். அவள் இந்த நாட்டில் இருக்கிறாள் என்பதே எனக்கு ஒரு தெம்பாக இருந்தது. பார்க்காவிட்டாலும் ஒரே வெயில், ஒரே மழை என்ற எண்ணம். அவள் பிளேன் ஏறுவதற்குள் போய் அவளைப் பார்க்கவேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் உடன்பிறப்பு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. அதுவும் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் கருவாடு இல்லாமல் போனால், வழியில் ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதனால் பயணம் எதில் என்று தீர முன்பே கருவாடு வந்துவிட்டது. இறக்கக்கண்டியிலிருந்து கூடையோடு வருகிற மனுசியிடம் சொல்லிவைத்து, நல்ல தடித்த கட்டாவாக வாங்கி, திரும்பவும் உப்புத் தடவி, முற்றத்தில் பாய் விரித்து இரண்டு வெயில் கூடக் காயவைத்தேன். காகத்துக்கும் பூனைக்கும் மட்டுமா காவல்? எங்கள் ஊரில் மான்களும் தெருத்தெருவாய்த் திரியும். அவை கருவாடு தின்னாது, ஆனால் பாயை மிதித்துப்போட்டுப் போகும். தடியோடு இருந்து பார்த்துக்கொண்டேன். அப்போது எனக்குத் தெரியாது, இந்தக் கருவாடே எங்கள் பயணத்தின் தலையில் ஏறி உட்காரப் போகிறது என்று.

முதலில் பிளேன் கதை வந்தது. தங்கச்சியின் மகன், எனக்குப் பெறாமகன், டெலிபோனில், “பெரியம்மா, சீனன்குடாவில இருந்து சின்னப் பிளேன் வருது. நான் இஞ்ச இருந்தே புக் பண்ணிறன். ஏறி இருந்தால் ஒரு கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கொழும்பு” என்றான். எனக்குப் பயம்தான். தங்கச்சிக்காக ஏறலாம் என்று மனதைக் கட்டிக்கொண்டேன். இவர் விசாரிக்கப் போனார். ஆள் சேர்ந்தால்தான் பறக்குமாம், சாமானை நிறுப்பதோடு ஆட்களையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்களாம். திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தவர் சிரிக்கத் தொடங்கினார்.

“இஞ்சேரும், உம்மையும் தராசில ஏத்துவாங்களாம். கருவாடு ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம். நிறை கூடினால் ஒண்டை இறக்கச் சொல்லுவாங்கள். நான் எதை இறக்கிறது?”

“என்னை இறக்கிப்போட்டுக் கருவாட்டோட போங்கோ” என்றேன்.

அவருக்கு அது பெரிய பகிடியாகப் போய்விட்டது. இறங்குதுறையில் ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒரு கிழமை கழிந்தது. ஆகாயத்தில் எஞ்சின் பழுதானால் நங்கூரம் எங்கே போடுவது என்று இன்னொரு கிழமை யோசித்தார். பிளேன் கதை அப்படியே கரைந்துபோனது.

அடுத்தது கோச்சி. என் ஆசை அதுதான். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, யன்னல் பக்கத்தில் இருந்து, தம்பலகாமத்து வயல் பச்சையாய் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு போகலாம். இவர் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது. ஒவ்வொரு காலையும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போய், கொழும்பிலிருந்து வருகிற கோச்சி நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். பிந்தி வந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். “பாத்தீரா? இண்டைக்கும் லேட்.” நேரத்துக்கு வந்த நாளில், “இண்டைக்கு வந்திட்டுது. நாளைக்கு எப்பிடியோ, பாப்பம்” என்பார். யானை குறுக்கே வந்ததாம், தண்டவாளம் விலகினதாம் என்று எங்கிருந்தோ செய்தி பொறுக்கி வருவார். இறங்குதுறையில் இருக்கிறவர்கள் இவரைக் கண்டால், “தண்டல், கோச்சி வேலைக்கு மாறிட்டீரோ?” என்று நக்கலடிப்பார்கள். இவரும் சிரிப்பார். நான் மட்டும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர் கோச்சியில் ஏறாததற்குக் காரணம் யானையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். யுத்தப் பிரச்சினைக் காலத்தில், எங்களுக்கு மகன் பிறந்த புதிதில், ஒரு அலுவலாகக் கொழும்புக்குக் கோச்சியில் போனவரை வழியில் ஒரு ஸ்டேசனில் சோதனை என்று இறக்கிவிட்டார்கள். வேறு ஆண்களையும் இறக்கினார்கள். கோச்சி அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவர் வீடு வந்து சேர்ந்தபோது தாடி வளர்ந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். “ஒண்டுமில்லை, கோச்சி லேட்” என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் அவர் கந்தளாய்க்கு அப்பால் தரையில் கால் வைக்கவும் இல்லை. பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் கொழும்பு என்ற பெயரையே எடுத்திருக்கமாட்டேன். அந்த வார்த்தையை விட்டுவிட்டு உலகத்தில் உள்ள மற்ற எல்லாக் காரணங்களையும் சொன்னார். அதுதான் என்னை இன்றைக்கும் கோபப்படுத்துகிறது. பொய்க் காரணத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது? யானை வராது என்று நான் எழுதியா கொடுப்பது?

கடைசியில் கார் என்று முடிவானது. மகன் அப்போது கட்டாரில் வேலை. அவன் டெலிபோன் எடுத்துச் சத்தம் போட்டான், “அப்பா, இந்தக் கிழமை போகாட்டி இனி எப்பவும் இல்லை. காரைப் பிடியுங்கோ” என்று. கிண்ணியாவில், ஊரார் நானா என்கிற ஒரு முஸ்லிம் மனுசரிடம் புதுக் கார் இருந்தது. கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற கார். அவர் வந்து தேநீர் குடித்து, நாளும் நேரமும் பேசி முடித்து, எழும்பும்போது, பூச்சி பிடிக்காமல் இருக்க நான் திரும்பவும் கருவாட்டைப் பரப்பியிருந்த முற்றத்துப் பாயைக் கண்டார்.

“தண்டல் ஐயா, அது என்ன?”

“கருவாடு. கொழும்புக்கு.”

“எந்தக் காரில?”

“உம்மட காரிலதான்.”

நானா திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். “அல்லாவே! ஏசிக் கார் ஐயா. ஒருக்கா மணம் ஏறினால் ஆறு மாசத்துக்கு இறங்காது. வாற கிழமை ஒரு பொம்பிளையை ஏத்தப் போறன். அந்தப் புள்ளை மணவறைக்குப் போய் இறங்கேக்க கட்டா மணத்தால், மாப்பிள்ளை வீட்டார் என்னையல்லோ கட்டி வச்சு அடிப்பாங்கள்!”

இந்த இடத்தில் இவர் கையை விரித்துவிட்டு, “பாப்பம்” என்பார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவருக்குள்ளிருந்த தண்டல் எழும்பிவிட்டார். “மணம் வெளியில வரக்கூடாது, அவ்வளவுதானே?” என்றார். வள்ளத்துப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கிற முறை அவருக்குத் தெரியும். அந்தப் பின்னேரமே படகுக்காரரிடமிருந்து தார் வாங்கிவந்து, கிணற்றடியில் பழைய சட்டியில் காய்ச்சினார். கருவாட்டைக் கடதாசியில் சுற்றி டின்னுக்குள் அடுக்கி, மூடியை வைத்து, முறுக்கிய நூலைத் தாரில் தோய்த்து இடுக்கைச் சுற்றி இறுக்கி, மேலே இன்னொரு பூச்சுப் பூசினார். காய்ந்த பிறகு நானா மூக்கை வைத்து நாலு பக்கமும் முகர்ந்தார். “ஒண்டுமில்லை! தார் மட்டும்தான் மணக்குது” என்றார். இவர் டின்னின் தலையில் தட்டி, “இதைக் கடலில போட்டாலும் கருவாட்டில ஒரு சொட்டுத் தண்ணி படாது” என்றார். அவர் அவ்வளவு சந்தோசமாக ஒரு பயணத்துக்கு ஆயத்தமானதை நான் அதற்கு முன் கண்டதில்லை. போகத்தான் போகிறோம் என்று நானும் நம்பிவிட்டேன்.

விடிந்தும் விடியாமல் புறப்பட்டோம். அன்று இரவு தங்கச்சிக்குப் பிளேன். மத்தியானச் சாப்பாடு அவளோடு என்று பேச்சு. முதல் நாளே தன் கையாலேயே சமைக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். நான் பின் சீட்டில், அவர் முன் சீட்டில், டின் ஒரு பழைய சாரத்தால் சுற்றப்பட்டுப் பின் டிக்கியில். தம்பலகாமம் தாண்டும் மட்டும் அவர் நானாவோடு பகிடி விட்டுக்கொண்டு வந்தார். கந்தளாய்க் குளத்தைக் கண்டதோடு பேச்சுக் குறைந்தது. அதற்குப் பிறகு காடு. இரண்டு கையாலும் சீட்டுப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். நான் பின்னால் இருந்து அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏசிக்குள்ளும் பிடரியில் வேர்வை.

சில காலம் இல்லாமல் இருந்த வாகனச் சோதனை அந்த நாட்களில் திரும்பவும் தொடங்கியிருந்தது. ஹபரணைக்கு இந்தப் பக்கம், மரநிழலில் பொலிஸ்காரர்கள் சிலர் நின்று கையைக் காட்டினார்கள். எல்லா வாகனத்துக்கும் காட்டியதுபோல்தான் எங்களுக்கும் காட்டினார்கள். நானா இறங்கி டிக்கியைத் திறந்தார். இளம் பொலிஸ்காரர் ஒருவர் சாரத்தை விலக்கினார். கறுப்புத் தார் பூசி, நூல் வைத்து அடைத்த ஒரு டின். அவர் இரண்டு அடி பின்னால் போனார். எங்களை இறங்கச் சொன்னார்கள். அந்தப் பொலிஸ்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் வீட்டில் அதை மணத்துக்கு மருந்தாகத்தான் பார்த்தோம். வெளியில் நின்று பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் ஓடவில்லை. நானா நல்ல சிங்களத்தில் சொன்னார், கருவாடு என்று. அவர்கள் கேட்டதை நானா பிறகு எனக்குச் சொன்னார்: “கருவாட்டுக்கு எவன் தார் பூசுவான்?” நியாயமான கேள்விதான். ஏசிக் காரில் மணம் ஏறும் என்று நானா சொன்னதை அவர்கள் நம்பவில்லை. பெரியவர் ஒருவர் வரும்வரை நிற்கச் சொன்னார்கள்.

நான் திரும்பிப் பார்க்கிறேன், இவரைக் காணவில்லை. கீழே இருந்தார். ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கையைக்கூடக் காட்டவில்லை. தானாகவே போய், றோட்டோரப் புழுதியில் குந்தி, இரண்டு கையையும் தலையின் மேல் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இருந்தார். வெள்ளை வேட்டி முழுக்கச் செம்மண். அந்த இளம் பொலிஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் மகனிலும் இளமை. ஓடிவந்து, “அங்கிள், அங்கிள்” என்று தோளைத் தொட்டார். தொட்டதும் இவர் இன்னும் குனிந்தார்.

அந்நிய ஆண்களோடு நான் கதைத்ததில்லை. கடையில் சாமான் வாங்கினாலும் விரலால்தான் காட்டுவேன். அன்று எப்படிப் போனேன் என்று தெரியாது. அந்தப் பொலிஸ்காரப் பிள்ளைக்கு முன்னால் போய் என் வலது கையை அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினேன். நாட்கணக்கில் உப்பும் கருவாடும் அளைந்த கை அது. எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் போகாது. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு சிங்களச் சொல்லைச் சொன்னேன், கருவாட்டுக்கு அவர்கள் சொல்கிற “கரவல.” அவர் குனிந்து முகர்ந்தார். முகம் விரிந்தது. மற்றவர்களைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் வந்து டின்னை ஆட்டிப் பார்த்து, காதை வைத்துப் பார்த்து, கடைசியில் அவரும் சிரித்து, “சரி அம்மா, போங்க” என்று தமிழில் சொன்னார். ஒருவர் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து இவருக்குக் கொடுத்தார். டின்னைத் திறக்கவே இல்லை. அவ்வளவுதான் நடந்தது. நேரம் போனதுதான், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இல்லாவிட்டாலும் பின்னேரத் தேநீருக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

காருக்குள் ஏறியதும் இவர் சொன்னார், “திருப்பும் தம்பி. வீட்டை போவம்.”

நானா என்னைப் பார்த்தார். “ஐயா, இவ்வளவு தூரம் வந்தாச்சு. இனி றோட்டு நல்லம். அம்மா தங்கச்சியைப் பாக்க வேணாமா?”

“திருப்பும்.”

“நான் போகவேணும்” என்றேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு எதிராக நான் சொன்ன முதல் வார்த்தை அதுதானோ என்னவோ. “நீங்கள் திரும்புங்கோ. நான் இறங்கி பஸ்ஸில போறன். எனக்கு அவளைப் பாக்கவேணும்.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்த கைகள். போத்தலின் மூடியைத் திருகப் பார்த்தும் பிடிபடவில்லை. நான் எட்டி அதை வாங்கித் திறந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு எப்படி இறங்குவது? சொல்லுங்கள், எப்படி இறங்கிப் போவது? நானா காரைத் திருப்பினார்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் அவர்மேல் எல்லாருக்கும் இரக்கம்தான் வரும். எனக்கும் வந்தது, கந்தளாய் வரும்வரை. குளத்தைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. “நான் அப்பவே சொன்னனான், கோச்சிதான் நல்லமெண்டு” என்றார். “கோச்சியெண்டால் ஒருத்தனும் சாமானைத் திறக்கமாட்டான்.” பிறகு, “பிளேனெண்டால் இதெல்லாத்துக்கும் மேலால போயிருக்கலாம். நிறுத்தால் நிறுக்கட்டுமே, என்ன குறைஞ்சு போச்சு?” என்றார். காரை நம்பினது பிழையாம். மகன்தான் அவசரப்படுத்தினானாம். தங்கச்சி இன்னும் ஒரு மாதம் பிந்திப் போகலாமாம். வீடு வரும்வரை ஓயவில்லை. நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு வந்தேன். சற்று முன் ஒரு மூடியைத் திறக்க ஏலாமல் போன கைகளையும் நினைத்தேன், இந்த வாயையும் கேட்டேன். இரண்டும் ஒரே மனுசனுடையதாக இருந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. முழுதாகக் கோபிக்கவும் விடமாட்டார், முழுதாக இரங்கவும் விடமாட்டார்.

மத்தியானம் தங்கச்சி செல்போனுக்கு எடுத்தாள். “அக்கா, எங்க வந்திட்டீங்கள்? சோறு வடிச்சிட்டன்.” நான் இவரைப் பார்த்தேன். இவர் டெலிபோனை வாங்கி, “கார் பழுதாப்போச்சு, பிள்ளை” என்றார். முற்றத்தில் நின்ற நானாவின் புதுக் கார் வெயிலில் பளபளத்தது. அந்த நல்ல மனுசன் கிட்ட வந்து, டெலிபோனுக்குக் கேட்கும்படி, “ஓம் அம்மா, எஞ்சின் சூடாகிட்டு, கடும் பழுது” என்று சத்தமாகச் சொன்னார். தன் காரைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! தங்கச்சி அன்று இரவு போய்விட்டாள்.

டின்னைத் திறந்து கருவாட்டை நாங்களாவது சமைப்போம் என்றேன். “வேண்டாம். தார் இருக்கு, ஒண்டும் ஆகாது. அடுத்த முறைக்கு இருக்கட்டும்” என்று தானே தூக்கி அலுமாரியின் மேல் வைத்தார். அடுத்த முறை என்று எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதன்பிறகு ஸ்டேசனுக்குப் போகிறதையும் விட்டுவிட்டார். சில வருசம் கழித்து, ஒரு மாரி மழைக்குள் காய்ச்சல் வந்து, தன் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார். எந்த வாகனமும் தேவைப்படவில்லை.

இப்போது தங்கச்சி வந்திருக்கிறாள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில், படி இறங்க ஏலாத முழங்காலோடு, ஒரு சின்ன லீவுக்கு. அந்த லீவிலும் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. கட்டாரிலிருந்து திரும்பி எங்களோடு இருக்கிற மகன் ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு தடவுகிறான். “அம்மா, பிளேன் கிழமையில சில நாள்தான். கோச்சியில ஏசிப் பெட்டி முடிஞ்சுது. காரில போனால் நடுவில ஒரு ஹோட்டலில நிண்டு ஆறுதலாப் போகலாம். ஆனால் மழையெண்டு சொல்லுறாங்கள்.” மருமகள் வாடகை வேனைப் பற்றிச் சொல்கிறாள். பேரப்பிள்ளை பஸ் என்கிறது. என்னை ஒருவரும் கேட்பதில்லை. நான் ஒரு சாமான், எதில் ஏற்றினால் உடையாது என்பதுதான் பேச்சு. நேற்றுத் தங்கச்சி எடுத்து, “அக்கா, எதில வாறீங்கள்?” என்று கேட்டாள். என் வாயிலிருந்து தானாக வந்தது, “பாப்பம்.”

சொன்னதும் டெலிபோனை வைத்துவிட்டேன். அவருடைய சொல், அவருடைய இழுவையோடேயே வந்தது. இரவு முழுக்க அது என் காதுக்குள் நின்றது.

இன்று காலை மகன் எழும்ப முன் ஓட்டோ பிடித்து ஸ்டேசனுக்குப் போனேன். டிக்கட் யன்னலுக்கு முன்னால் நின்று, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை மெல்ல அவிழ்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். “கொழும்பு” என்றேன். “எந்த வகுப்பு, அம்மா?” என்று உள்ளே இருந்தவர் கேட்டார். “இருக்க ஒரு இடம், அது போதும்” என்றேன். திரும்பும் வழியில் சந்தையில் இறங்கிக் கட்டாக் கருவாடு வாங்கினேன். உள்ளே இருப்பது எவருக்கும் தெரிகிற மாதிரி மெல்லிய பொலித்தீன் பையில் போடச் சொன்னேன். கடதாசிகூடச் சுற்றவில்லை. மேசையில் பையையும் டிக்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். “என்னம்மா இது? கோச்சிப் பெட்டி முழுக்க மணக்குமே!”

“மணக்கட்டும்” என்றேன். “வாறதெண்டால் நீயும் வா. ஆனால் பாதியில திரும்புற கதை மட்டும் வேண்டாம்.”

மருமகள் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பிறகு அலுமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். “அப்ப அந்த டின், மாமி?”

நான் ஸ்டூலில் ஏறி அதை எட்டித் தொட்டுப் பார்த்தேன். தாரில் அவருடைய பெருவிரல் பட்ட ஒரு பள்ளம் இருக்கிறது, கடைசிப் பூச்சை அமத்தினபோது விழுந்தது. அதற்குள் என் விரலை வைத்தேன். ஒருமுறை தட்டினேன். தூசியைத் துடைத்து, முன்பு இருந்த இடத்திலேயே சரியாக வைத்தேன்.

“அது இஞ்சயே இருக்கட்டும் பிள்ளை” என்றேன். “அதுக்கும் பயணம் ஒத்துவராது.”